தெற்கு பார்த்த படகு

ஷெட்டிலிருந்து காரை எடுத்துத் தெருவில் நிறுத்தியபோது, பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை விற்கப்போகிறேனா என்று கேட்டார். இல்லை, உள்ளே படகு கட்டப்போகிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பேப்பரைப் பிரித்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருடம் அரசு வேலையில் இருந்தவன் ஓய்வுக்குப் பிறகு எதைச் சொன்னாலும் எங்கள் தருமபுரத்தில் இப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள்.

படகு எனக்கில்லை, என் மனைவிக்கு. முந்தின வருடம் ஐப்பசி மழையில் கொல்லைப்படியில் வழுக்கி விழுந்து இடது தோளை உடைத்துக்கொண்டாள். தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். எலும்பு கூடியது, பலம் பாதிதான் திரும்பியது. பயிற்சி கொடுக்க வந்த பெண், துடைப்பக்கட்டையின் நடுவில் இரண்டு கையாலும் பிடித்து, துடுப்புப் போடுவதுபோல் இடமும் வலமும் மாற்றி மாற்றி இழுக்கச் சொன்னாள். மூன்று மாதம் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து காற்றைத் துழாவிய பிறகு, ஒரு நாள் மனைவி கட்டையைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இவ்ளோ தொழாவுனதுக்கு இந்நேரம் இலங்கைக்கே போய்ச் சேந்திருக்கலாம். எனக்கு ஒரு படகு வேணும்."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் பட்டினச்சேரிக்காரி. அப்பா, சித்தப்பா, தம்பி எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். நான் நெல் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் கல்யாணத்தின்போது இந்த இரண்டு ஊருக்கும் நடுவே சாலை இருந்தது, போக்குவரத்து இல்லை. அதையெல்லாம் சமாளித்து வந்தவள், ஒன்றை மட்டும் சமாளித்ததில்லை. அவள் ஊரில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. எட்டு வயதிலிருந்து கரையில் நின்று கூடை பிடித்திருக்கிறாள், அறுந்த வலையைக் கோத்திருக்கிறாள், படகு வரத் தாமதமானால் மற்றவர்களோடு சேர்ந்து நின்றிருக்கிறாள். ஏறியதில்லை. தம்பியின் விசைப்படகில் இன்றுவரை அவள் கால் பட்டதில்லை.

"அறுபத்திரண்டு வயசாச்சு," என்றாள். "ஒரு தடவையாவது தண்ணியிலேருந்து கரையப் பாக்கணும். கரையிலேருந்து தண்ணியப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு."

அதற்குப் பிறகு விளையாட்டு என்று நினைக்க முடியவில்லை.

என் வேலை, மற்றவர்கள் போட்ட சாலையையும் வெட்டிய வாய்க்காலையும் போய் அளந்து, சொன்ன அளவில் இருக்கிறதா என்று அளவுப் புத்தகத்தில் குறித்துக் கையெழுத்துப் போடுவது. நானாக எதையும் போட்டதுமில்லை, வெட்டியதுமில்லை. ஆகவே மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டிக் கட்டும், ஒருவர் மட்டும் உட்காரும் கயாக் படகு ஒன்றின் வரைபடத்தை இணையத்தில் வாங்கியபோது எனக்கு எந்தப் பயமும் வரவில்லை. தெரியாதவர்களுக்குப் பயம் வருவதில்லை.

வரைபடத்தை முழு அளவில் அச்சடிக்க வேண்டும். அவ்வளவு பெரிய காகிதம் ஃபிளெக்ஸ் பேனர் கடையில்தான் கிடைக்கும். கடைக்காரர் திரையில் விரிந்த வளைகோடுகளைப் பார்த்துவிட்டு, "படம் எங்க சார்? கல்யாணமா, கண்ணீர் அஞ்சலியா?" என்றார். இரண்டும் இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாற்றத்துடன்தான் அச்சடித்துக் கொடுத்தார்.

இந்த வகைப் படகைக் கட்டும் விதம் இதுதான். பிளைவுட்டில் செய்த நீளமான பெட்டி உத்திரம் ஒன்றை இடுப்பு உயரத்தில் மட்டமாக நிறுத்த வேண்டும். அதன்மேல் பதினைந்து அச்சுப்பலகைகளைக் குறுக்கே, வரிசையாக, செங்குத்தாக நட வேண்டும். ஒவ்வொரு பலகையும் அந்தந்த இடத்தில் படகு எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று சொல்லும். ஓரத்தில் சிறியவை, நடுவில் பெரியவை. கவிழ்த்துப்போட்ட மீனின் முள்கூடு மாதிரி இருக்கும். அதன்மேல் விரல் அகல ரீப்பர் சட்டங்களை வளைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வந்தால் படகின் உடல் உருவாகும். கடைசியில் அச்சுகளை உருவி எடுத்துவிடலாம். படகில் மிஞ்சுவது அந்த அச்சுகள் நின்ற ஒழுங்கு மட்டும்தான்.

ஒழுங்கு என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. ஒழுங்கு தவறக் கூடாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அச்சு கோணினால் படகு கோணும். கோணிய படகு ஒரு பக்கமாக இழுக்கும். இழுக்கிற படகைத் துடுப்பால் திருத்திக்கொண்டே போக வேண்டும், திருத்துகிற பலம் அவள் இடது கையில் இல்லை. அவள் தண்ணீரிலிருந்து கரையைப் பார்ப்பதா, துடைப்பக்கட்டைக்கே திரும்புவதா என்பது இந்தப் பதினைந்து பலகையும் நேராக நிற்பதில் இருந்தது. அவளிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப நேரா நிறுத்துங்க," என்றாள். "அதுக்குத்தான் உங்களுக்கு இவ்ளோ நாள் சம்பளம் குடுத்தாங்க."

பதிவேடு ஒன்றைத் தொடங்கினேன். பலகை எண், மையக்கோட்டிலிருந்து விலகல், செங்குத்து, மட்டம், தேதி, குறிப்பு, கையெழுத்து. உத்திரத்தை நிறுத்த நான்கு நாள். மட்டம் பார்க்க, கொத்தனார்கள் வைத்துக்கொள்வது மாதிரி தண்ணீர் நிரப்பிய டியூப். மையத்துக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துக் கட்டிய மீன்பிடி நரம்பு, அது மட்டும் மைத்துனர் உபயம். பிறகு உத்திரத்தின்மேல் பலகைகள் நிற்க வேண்டிய பதினைந்து குறுக்குக் கோடுகளைப் பென்சிலால் போட்டேன். என் மேஜை ஷெட்டின் பின்சுவரை ஒட்டி இருந்ததால் அந்தப் பக்கத்திலிருந்தே ஒன்று, இரண்டு என்று தொடங்கினேன். ஒவ்வொரு கோட்டையும் இரண்டு முறை சரிபார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன்.

அன்று சாயங்காலம் மனைவி டீ கொண்டுவந்தாள்.

"இதுல தலை எந்தப் பக்கம்?"

"ஒண்ணாம் நம்பர் இருக்கே, அந்தப் பக்கம்."

அவள் பின்சுவரைப் பார்த்தாள், திரும்பி வாசலைப் பார்த்தாள். "அது தெக்கால்ல? தெக்க பாத்தா படகு வைப்பாங்க?"

"படகு கட்டி முடிஞ்சதும் எந்தப் பக்கம் வேணும்னாலும் பாக்கும்."

"எங்க ஊர்ல மொத பலகை வைக்கிறப்பவே கெழக்கயோ வடக்கயோ பாத்துத்தான் வைப்பாங்க. நீங்க ஒங்க வீட்டு வாசக்காலுக்கு மஞ்சத் தடவி நேரம் பாத்து நட்டீங்கள்ல? அப்ப மட்டும் டியூபு போதும்னு சொல்லலியே. திருப்பி வைங்க."

அவள் இதில் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று நாற்பது வருட அனுபவம் சொல்லியது. ஆனால் உத்திரம் மட்டம் பார்த்து முடித்த ஒன்று. கோடுகள் சரிபார்க்கப்பட்டவை. முடிந்து கையெழுத்தான ஒன்றை மறுபடி பிரிப்பது என் பழக்கத்தில் இல்லை. அலுவலகத்தில் இதற்கு வேறொரு வழி உண்டு. பொருளை அசைக்காமல் தலைப்பை மாற்றுவது. அடித்து எழுதினேன். பதினைந்து என்று இருந்த கோடு ஒன்று ஆயிற்று, ஒன்று பதினைந்து ஆயிற்று. படகின் தலை வாசலைப் பார்த்து வடக்கே திரும்பியது. ஒரு மரத்துண்டுகூட நகரவில்லை. மனைவி வந்து பார்த்துத் தலையாட்டினாள், ஒன்றாம் கோட்டருகே குங்குமம் வைத்தாள். எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

அச்சுப்பலகைகளை நடுவதற்குப் பத்து நாள் ஆயிற்று. ஒரு நாளைக்கு ஒன்றரைப் பலகை. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மையக்கோடு நரம்பின் கீழே சரியாக வரும்வரை தட்டித் தட்டி, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை ஆப்பு சொருகி, பிறகு திருகாணி. எந்தப் பலகையும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகவில்லை. வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் பதினைந்து மையக்கோடும் ஒரே கோடாகத் தெரிந்தன. நான் அளந்த எந்தச் சாலையும் அவ்வளவு நேராக இருந்ததில்லை. பல சாலைகளுக்கு நான் நேர் என்று கையெழுத்திட்டிருக்கிறேன், அது வேறு.

பிறகு கடைசிச் சோதனை. நீண்ட, மெல்லிய ரீப்பர் ஒன்றை எடுத்து அச்சுகளின் ஓரமாக முனையிலிருந்து முனைவரை வளைத்துப் பிடிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் அது ஒவ்வொரு பலகையையும் தொட்டுக்கொண்டு, எங்கும் முறியாத ஒரே வளைவாகப் படுக்கும்.

படுக்கவில்லை. முன்பக்கம் நான்காவது பலகையைத் தொடாமல் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி விட்டுத் தாண்டியது. பின்பக்கம் பன்னிரண்டாவதில் முட்டிக்கொண்டு எழும்பியது. இடதுபக்கம் அப்படி, வலதுபக்கமும் அச்சு அசல் அப்படியே. மற்ற இடங்களில் பட்டுப்போல் படிந்தது.

நான்கையும் பன்னிரண்டையும் கழற்றி மறுபடி நட்டேன். குமிழி நடுவில், குண்டு நேராக, நரம்பு மையத்தில். ரீப்பர் மட்டும் கேட்கவில்லை. பலகைகளைத் தவறாக வெட்டிவிட்டேனோ என்று வரைபடத்தோடு ஒட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. இரண்டாவது வாரம் நான்காம் பலகையின் ஓரத்தில் அட்டை ஒட்டத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் அட்டைக்குப் பஞ்சமில்லை. வந்த கல்யாணப் பத்திரிகை எதையும் நாங்கள் தூக்கிப்போடுவதில்லை. சாதாரண வீட்டுப் பத்திரிகை ஒரு மில்லிமீட்டர், வசதியானவர்கள் வீட்டுது இரண்டு. நான்காம் பலகையில் மூன்று கல்யாணம் ஒட்டியும் பள்ளம் நிரம்பவில்லை.

அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடந்ததால் மைத்துனருக்குப் பொழுது போகவில்லை. ஒரு நாள் காலை, உப்பங்கழியில் பிடித்த கெண்டையை மந்தார இலையில் கட்டிக்கொண்டு வந்தார். ஷெட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"என்ன மச்சான், கருவாட்டுப் பந்தல் மாதிரி இருக்கு?"

"மாப்ள, இந்த நாலாவதைப் பாருங்க. ரீப்பர் தொடமாட்டேங்குது. உங்களுக்குக் கண்ணுலயே தெரியுமே."

அவர் குனிந்து ஒரு நிமிடம் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"எனக்கு என்ன தெரியும்? எங்க போட்டெல்லாம் பட்டறையில ஒரே அச்சுல ஊத்துறது. பட்டறை மொதலாளி எறக்கிக் குடுப்பாரு, நாங்க இஞ்சினை மாட்டிக்கிட்டுப் போவோம்." நிமிர்ந்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "அது கெடக்குது மச்சான். அக்கா நெசமாவே இதுல ஏறப்போவுதா?"

"ஏன், நீ வந்து தள்ளிவிடப் போறியா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இல்லக்கா, ஊர்ல நாலு பேரு…"

"நாலு பேரையும் கூட்டிக்கிட்டு வா. படகு ஒருத்தருக்குத்தான், கரையில நிக்க எடம் இருக்கு."

மைத்துனர் மீனைக் கொடுத்துவிட்டு, நான்காம் பலகையை ஒருமுறை தட்டிப் பார்த்தார். "இந்த அளவு கோணல் தண்ணிக்குத் தெரியவா போவுது?" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுக் கிளம்பினார். தண்ணீருக்குத் தெரியாமல் போகலாம். அவர் அக்காவின் தோளுக்குத் தெரியும்.

அட்டை ஒட்டியும் தீராததால் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதென்று முடிவு செய்தேன். பன்னிரண்டாம் பலகையைச் சீவிவிடுவது. நிரப்ப முடியாத பள்ளத்தின் பக்கத்து மேட்டை வெட்டிவிட்டால் இரண்டும் சமமாகத் தெரியும். சாலைப் பணியில் பலர் செய்வது, நான் கண்டுகொள்ளாதது. இழைப்புளியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது மனைவி வந்தாள். அவள் முப்பது வருடம் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தவள். என் கையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள்.

"எதுக்கு அதைச் சீவுறீங்க? வெட்டினது தப்பா?"

"வெட்டினது சரி."

"நட்டது?"

"அதுவும் சரி. பதிவேட்டுல இருக்கு."

"வெட்டினதும் சரி, நட்டதும் சரின்னா எதுக்குச் சீவணும்?" என்று கேட்டுவிட்டு, தரையில் விரித்திருந்த ஃபிளெக்ஸ் காகிதத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கவாட்டுப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் தையல் டேப்பை எடுத்து, படத்தில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே வைத்தாள். எழுந்து உத்திரத்தின் வாசல்பக்க முனையில் வைத்தாள். பின்சுவர்ப்பக்கம் போய் வைத்தாள்.

"ஏங்க, ஒரு ஜாக்கெட்டுல முன்பக்கமும் பின்பக்கமும் ஒண்ணா இருக்குமா?"

"இருக்காது."

"படத்துல தலைப்பக்கம் மொத மூணு எடைவெளியும் முக்காலடி. மிச்சமெல்லாம் ஒரு அடி. இங்க தலைப்பக்கம் ஒரு அடி இருக்கு. முக்காலடியெல்லாம் வால்ல கெடக்கு."

நான் டேப்பை வாங்கி அளந்தேன். அளக்கத் தேவையே இல்லை. முன்முனையில் வளைவு கூர்மை என்பதால் அங்கே மட்டும் பலகைகளை நெருக்கி வைக்கச் சொல்லியிருந்தார்கள். நானே கைப்படக் கோடு போட்டது. எண்களைத் திருப்பியபோது கோடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பலகைகளை நட்ட பத்து நாளும், ரீப்பரோடு சண்டைபோட்ட இரண்டு வாரமும், பலகைகளின் மட்டத்தை, செங்குத்தை, மையத்தை எண்ண முடியாத தடவை சோதித்திருக்கிறேன். இடைவெளியை ஒருமுறைகூட அளக்கவில்லை. அது ஏற்கெனவே கையெழுத்தான விஷயம்.

"நீதான் திருப்பச் சொன்ன," என்றேன்.

"நான் படகைத் திருப்பச் சொன்னேன். நீங்க நம்பரைத் திருப்பிட்டு என்னைக் குங்குமம் வைக்க விட்டீங்க."

இரண்டு முனையிலும் மூன்று மூன்று கோடுகளை அழித்துப் போட்டால் அன்றே முடிந்திருக்கும். ஆனால் அவள் சொன்னதையே செய்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் பதினைந்து பலகையையும் கழற்றினேன். மைத்துனரை அழைத்து, அவரும் நானும் உத்திரத்தின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தெருவரை கொண்டுபோய், அங்கே ஒரு அரைவட்டம் அடித்து, தலையை வடக்கே வைத்துத் திரும்ப இறக்கினோம். பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். மறுபடி டியூப், மறுபடி நரம்பு, மறுபடி பத்து நாள். நான்காம் பலகையிலிருந்து மூன்று கல்யாணங்களையும் சுரண்டி எடுத்தேன்.

இந்தத் தடவை ரீப்பரைப் பிடிக்க மனைவியும் வந்தாள். நான் முன்முனையில் கவ்வி போட்டேன். அவள் இடது கையால் அதை அச்சுகளின்மேல் அழுத்திக்கொண்டே பின்னால் நடந்தாள். கடைசிப் பலகைவரை போய், விட்டுவிட்டாள். அது அப்படியே கிடந்தது. பதினைந்தையும் தொட்டுக்கொண்டு, ஒரே வளைவாக. அவள் பதிவேட்டை எடுத்து, கையெழுத்துக் கட்டத்தில் என் பெயரின் பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள்.

மற்றது வேலை. நாகூர்ப் பக்கத்து மரவாடியில் மலைவேம்பு வாங்கி ரீப்பராக அறுத்து, வைகாசியிலிருந்து ஆடிவரை ஒட்டினோம். மேலே ஃபைபர் துணி போர்த்தி ரெசின் பூச மைத்துனர் தெரிந்த ஆளை அனுப்பினார். படகைப் பற்றி அவர் மனம் மாறியதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆவணிக் கடைசியில், கடல்நீர் ஏறி நிற்கும் நேரம் பார்த்து அவரே நாளும் சொன்னார். அரசலாற்றில், முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் மேலே இறக்கினோம். நான் மிதவைச் சட்டை, விசில், நூறடிக் கயிறு எல்லாம் கொண்டுபோயிருந்தேன். மனைவி சட்டையைப் போட்டுக்கொண்டாள், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள், படகில் நான் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். மைத்துனர் முழங்கால் தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டார். அவள் ஏறி உட்கார்ந்ததும், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தள்ளினார்.

படகு போயிற்று. நான்கைந்து துடுப்பு நேராக. பிறகு மெல்ல இடதுபுறம் திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது. ஆற்றின் நடுவில் ஒரு முழு வட்டம் போட்டு எங்களைப் பார்த்து வந்தது.

"மச்சான்," என்றார் மைத்துனர், "கோணலா?"

இல்லை. அவ்வளவு நேரான படகை நான் எங்கும் பார்த்ததில்லை. தன்னிடம் எந்தச் சாய்வும் இல்லாததால் அது அவள் கைகளைத்தான் கேட்டது. வலது கை இழுத்த அளவுக்கு இடது கை இழுக்கவில்லை என்பதைத் தண்ணீரில் வட்டமாக எழுதிக் காட்டியது. படகு நேராக இருந்தால் அவள் நேராகப் போய்விடுவாள் என்று இத்தனை மாதமாக நம்பியிருந்தேன். நான் கை இரண்டையும் ஆட்டி, திரும்பி வா என்று கத்தினேன்.

அவள் இரண்டாவது வட்டத்தில் இருந்தாள். "கையை ஆட்டாதீங்க," என்று தண்ணீரிலிருந்து குரல் வந்தது. "நான் எண்ணிக்கிட்டு இருக்கேன்."

கையை இறக்கினேன். படகு நின்றது. பிறகு இடப்பக்கம் ஒரு துடுப்பு, வலப்பக்கம் ஒன்று, மறுபடி இடப்பக்கம் இரண்டு, வலம் ஒன்று. முனை ஆடியது, தயங்கியது, முகத்துவாரத்தைப் பார்த்தது. இடம் மூன்று, வலம் இரண்டு என்ற கணக்கு அவளுக்குப் பிடிபட்டதும் அதே கணக்கில் போய்க்கொண்டே இருந்தாள். அலை உடையும் இடம் தெரியும் தூரத்தில் படகைத் திருப்பி, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, கரைப்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். கால்மணி நேரம் அப்படியே இருந்தாள். மைத்துனர் பீடியைப் பற்றவைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

திரும்பி வந்து இறங்கியபோது இடது கையைத் தூக்க முடியாமல் வலது கையால் தாங்கிக்கொண்டாள். முகத்தில் வலி தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"கரை எப்படி இருந்துச்சு?"

அவள் வலது கையால் புடவை நுனியைப் பிழிந்துகொண்டே கொஞ்சம் யோசித்தாள்.

"லைட்ஹவுஸ் தெரிஞ்சுது. நீங்க ரெண்டு பேரும் ரொம்பக் குட்டையா இருந்தீங்க," என்றாள். பிறகு தம்பியிடம், "நாளைக்கும் இதே நேரமா, இல்ல தண்ணி ஏற இன்னும் நேரமாகுமா?" என்று கேட்டாள்.

"முக்கா மணி தள்ளிப்போவும்க்கா," என்றார் அவர்.